கணக்கு ஓடியது, விடை தவறு: எலிமென்ட் தேர்வுப் பிழைகளை அறிகுறியால் கண்டறியும் வழிமுறை

ஒரு பொருளை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்து, சுமையின்கீழ் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணிப்பது ஃபைனைட் எலிமென்ட் பகுப்பாய்வு. அதில் மெஷ் (துண்டுகளின் வலை) கிழிந்திருந்தால் மென்பொருள் எச்சரிக்கும். தாங்கிகள் போதாவிட்டாலும் எச்சரிக்கும். எலிமென்ட் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் பெரும்பாலும் வாய் திறக்காது. கணக்கு ஓடி முடியும், வண்ணப்படம் குறையில்லாமல் வரும், எதிர்விசைகளைக் கூட்டினால் கொடுத்த சுமைக்குச் சரியாகவும் இருக்கும். அந்தக் கூட்டல் சரியாக வருவதை வைத்து மாதிரி சரி என்று முடிவு செய்யக் கூடாது. எலிமென்ட் எவ்வளவு மோசமானதாக இருந்தாலும் சமநிலைக் கணக்கு நேராகும். பொருள் எவ்வளவு வளைந்தது, உள்ளே தகைவு (ஓரலகுப் பரப்பின் மேலான விசை) எவ்வளவு என்பதில்தான் பொய் ஒளிந்திருக்கும்.

அத்தகைய பொய் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. கீழே உள்ள பகுதிகள் அந்தத் தடயங்களின் வரிசையில் அமைந்துள்ளன. அலகுகள், யங் குணகம் (பொருளின் விறைப்பு அளவு), தாங்கிகள், சுமையின் திசை ஆகியவற்றை ஏற்கெனவே சரிபார்த்துவிட்டீர்கள் என்று கொள்கிறேன். அவற்றைப் பார்க்காமல் எலிமென்டின் மேல் பழி போடுவது நியாயம் இல்லை.

முதலில் ஒரு சோதனைப் பட்டை

உங்கள் உண்மையான மாதிரியில் பிழை தேடுவதற்கு முன், அதே எலிமென்டைக் கொண்டு ஒரு சிறு பட்டையைச் செய்து பாருங்கள். நீளம் 100 மிமீ, அகலம் 10 மிமீ, தடிமன் 5 மிமீ, யங் குணகம் 2,00,000 மெகாபாஸ்கல். ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டது, மறு முனையில் தடிமனின் திசையில் 10 நியூட்டன் சுமை. இந்தக் கான்டிலீவரின் முனை இறக்கம் 0.16 மிமீ, பிடிப்பருகே மேற்பரப்புத் தகைவு 24 மெகாபாஸ்கல். இரண்டையும் கையால் ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம். பாய்சான் விகிதத்தை (நீட்டும்போது பக்கவாட்டில் சுருங்கும் விகிதம்) பூஜ்யமாக வைத்துக்கொண்டால் கீழே வரும் மற்ற எண்களையும் கையாலேயே சரிபார்க்கலாம். சில நிமிட வேலைதான்; ஆனால் இந்தப் பட்டையில் 0.16 தராத எலிமென்ட், ஐந்து லட்சம் நோடுகள் (எலிமென்ட்கள் கூடும் புள்ளிகள்) கொண்ட மாதிரியில் திடீரென்று யோக்கியமாகிவிடாது.

அறிகுறி: முனை இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை

அடிக்கடி காண்பது இதுதான். சோதனைக் கூடத்தில் 2 மிமீ இறங்கிய தாங்கி, கணக்கில் 1.2 மிமீ மட்டுமே இறங்குகிறது. மெஷை நெருக்கினால் விடை மெல்ல மெல்ல ஏறுகிறது, ஆனால் எங்கும் நிற்பதாகத் தெரியவில்லை. முழு இன்டகிரேஷன் செய்யப்பட்ட (உள்ளே பல புள்ளிகளில் உருமாற்றத்தை அளந்து கூட்டும்) எட்டு நோடு ஹெக்ஸ் (ஆறுமுகக் கட்டி), நான்கு நோடு டெட் (நான்முகி), மூன்று நோடு முக்கோணம் ஆகிய முதல் படி (மூலைகளில் மட்டும் நோடுகள் உள்ள) எலிமென்ட்கள் வளைவை எதிர்கொள்ளும்போது இப்படித்தான் நடக்கும்.

காரணத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஒரு பட்டை வளையும்போது அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வில்லாக வளைய வேண்டும். குறுக்குவெட்டுகள் அந்த வில்லுக்குச் செங்குத்தாகவே நிற்க வேண்டும். எட்டு நோடு ஹெக்ஸின் விளிம்புகளோ நேர்கோடுகள். அவற்றால் வில்லாக முடியாது. ஆகவே அந்த எலிமென்ட், மேல் விளிம்பு நீண்டு கீழ் விளிம்பு சுருங்கிய ஒரு சரிவகமாக மட்டுமே மாறுகிறது. சரிவகமானதும் மூலைகளில் இருந்த செங்கோணம் கெடுகிறது. செங்கோணம் கெட்டால் எலிமென்டின் கணக்கில் அது ஷியர் திரிபு (கோணம் சரியும் உருமாற்றம்). உண்மையான பட்டையில் இல்லாத அந்தத் திரிபுக்கும் ஆற்றல் செலவாவதால், எலிமென்ட் அளவுக்கு மீறி விறைத்து நிற்கிறது. இதைத்தான் ஷியர் லாக்கிங் என்கிறோம்.

எவ்வளவு விறைக்கும் என்பதற்கு எளிய வாய்ப்பாடு உண்டு. பாய்சான் விகிதம் பூஜ்யமானால், விறைப்பு 1 + 0.5 × (எலிமென்டின் நீளம் ÷ பட்டையின் தடிமன்)² மடங்காகிறது. நம் பட்டையில் 5 மிமீ நீள எலிமென்ட் போட்டால் 1.5 மடங்கு, அதாவது முனை இறக்கம் 0.16க்குப் பதிலாகச் சுமார் 0.107 மிமீ. 20 மிமீ நீளமாகப் போட்டால் 9 மடங்கு; இறக்கம் 0.018 மிமீ. பட்டை ஏறக்குறைய பாறையாகிவிட்டது. ஆன்சிஸ், அபாகஸ் என்ற மென்பொருள்களின் எட்டு நோடு ஹெக்ஸ்களான சாலிட்185, சி3டி8 ஆகியவை தம் இயல்பு நிலையில் கனஅளவுத் திரிபைச் சராசரியாக்கிக் கணக்கிடுவதால் அவற்றில் வாய்ப்பாட்டின் முதல் பகுதி மாறும். நீள விகிதத்தின் வர்க்கமாக வளரும் இரண்டாம் பகுதி அப்படியே இருக்கும்.

அந்த வாய்ப்பாட்டில் உள்ள தடிமன் பட்டையின் மொத்தத் தடிமன், ஒரு அடுக்கின் தடிமன் அல்ல என்பதைக் கவனியுங்கள். தடிமனில் நான்கு அடுக்குப் போட்டால் வளைவு சரியாகிவிடும் என்ற பரவலான அறிவுரை, முழு இன்டகிரேஷன் ஹெக்ஸுக்குப் பொருந்தாது. நீளவாக்கில் எலிமென்டின் அளவை மாற்றாமல் அடுக்குகளை மட்டும் நான்காக்கினாலும் எட்டாக்கினாலும் ஷியர் லாக்கிங் இம்மியும் குறையாது. ஏனெனில் எல்லா அடுக்குகளும் ஒரே நேர்கோட்டு விளிம்பாகச் சேர்ந்தே நிற்கின்றன. குறைக்க வேண்டியது நீளம். 1.25 மிமீ நீளத்துக்கு வந்தால்தான் பிழை சுமார் 3 விழுக்காட்டுக்கு இறங்கும். ஒரு வெல்டிங் தாங்கியின் மாதிரியில் இரண்டு நாட்கள் அடுக்குகளைக் கூட்டிக்கொண்டே போய், விடை அசையாததைக் கண்டு பொருளின் குணகத்தையே சந்தேகித்த அனுபவம் எனக்கு உண்டு. அன்று இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அந்த இரண்டு நாட்கள் மிஞ்சியிருக்கும்.

நீக்கும் வழி, மெஷை நெருக்குவதற்கு முன் எலிமென்டை மாற்றுவது. மெஷை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாம் படி (விளிம்பின் நடுவிலும் நோடு உள்ள) எலிமென்டுக்கு மாறுங்கள்: ஹெக்ஸானால் இருபது நோடு, டெட்டானால் பத்து நோடு. விடை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தாவினால் குற்றவாளி எலிமென்ட்தான். தாவவில்லையென்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை, மெஷை மூன்று முறை பாதியாக்கிப் பார்ப்பதைவிட விரைவாகப் பதில் தரும். எட்டு நோடிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், அபாகஸில் சி3டி8ஐ வகையையோ ஆன்சிஸ் சாலிட்185இல் மேம்படுத்திய திரிபு என்ற தேர்வையோ எடுங்கள். 1973இல் வில்சனும் அவர் குழுவினரும் முன்வைத்த, விளிம்பை வளையவிடும் கூடுதல் வடிவங்களின் வழிவந்தவை இவை. எலிமென்ட் செவ்வகமாக இருக்கும் வரை ஒரே அடுக்கிலும் வளைவைத் துல்லியமாகப் பிடிக்கும். சரிவகமாகச் சிதைந்தால் மீண்டும் விறைத்துக்கொள்ளும். ஆகவே வளைந்து நெளிந்த வார்ப்பு உடல்களுக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

நான்கு நோடு டெட்டுக்கு மருந்து கிடையாது. அதற்குள் திரிபு எங்கும் ஒரே அளவு; வளைவில் திரிபு மேலிருந்து கீழாக மாறிக்கொண்டே போக வேண்டும். தானியங்கி மெஷ் செய்யும் சில வடிவமைப்பு மென்பொருள்களில் 'வரைவுத் தரம்' என்ற பெயரில் வருவது இந்த எலிமென்ட்தான். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதை எடுத்து இறுதி அறிக்கையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

அறிகுறி: அளவுக்கு மேல் இறங்குகிறது, அல்லது மெஷ் பல்வரிசைபோல மடிகிறது

முந்தைய நோய்க்கு மருந்தாகக் குறைத்த இன்டகிரேஷனைக் கையாளும்போது வரும் பக்கவிளைவு இது. எட்டு நோடு ஹெக்ஸில் எட்டுப் புள்ளிகளுக்குப் பதிலாக நடுவில் ஒரே புள்ளியில் மட்டும் திரிபை அளந்தால் பொய்யான ஷியர் கண்ணில் படாது, லாக்கிங் போய்விடும். ஆனால் உண்மையான வளைவும் கண்ணில் படாது. பட்டையின் நடுக்கோட்டில் வளைவுத் திரிபு பூஜ்யம் அல்லவா? ஒரே அடுக்கில் இந்த எலிமென்டைப் போட்டால், அந்தப் பட்டைக்கு வளைவை எதிர்க்கும் சொந்த வலு எதுவுமே இல்லை. இருபத்து நான்கு இயக்கச் சுதந்திரங்களில் (எட்டு நோடும் மூன்று திசைகளில் நகரும் வழிகள்) ஆறு திண்மப்பொருள் அசைவுக்கும் ஆறு சீரான திரிபுகளுக்கும் போக, மீதியுள்ள பன்னிரண்டு வடிவங்கள் ஆற்றல் செலவே இல்லாமல் நிகழக்கூடியவை. அடுத்தடுத்த இரு எலிமென்ட்கள் இவ்வாறு மடியும்போது மணல்கடிகாரம்போலத் தெரிவதால் ஹவர்கிளாஸ் என்ற பெயர் வந்தது.

இதைத் தடுக்க மென்பொருள்கள் ஒரு செயற்கை விறைப்பைச் சேர்க்கின்றன. ஃபிளானகனும் பெலிட்ச்கோவும் 1981இல் வகுத்த முறை இன்றும் பல இடங்களில் பயன்படுகிறது. ஒரே அடுக்கு மாதிரியில் நீங்கள் காணும் இறக்கம் உங்கள் எஃகின் இறக்கம் அல்ல, அந்தச் செயற்கை விறைப்பின் இறக்கம் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கேதான் அடுக்குகளின் எண்ணிக்கை உண்மையிலேயே உதவுகிறது. செயற்கை விறைப்பை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், n அடுக்குகள் உள்ள பட்டையின் வளைவு விறைப்பு சரியான அளவில் 1 − 1/n² பங்கு. இரண்டு அடுக்கில் 75 விழுக்காடு, ஆகவே இறக்கம் 0.213 மிமீ, மூன்றில் 0.18; நான்கில் 0.171. நான்கு அடுக்கு என்ற அறிவுரை பிறந்த இடம் இதுதான். குறைத்த இன்டகிரேஷனுக்குச் சொல்லப்பட்டது காலப்போக்கில் எல்லா ஹெக்ஸுக்கும் பொது விதியாகிவிட்டது.

கண்டறிய இரண்டு வழிகள் உள்ளன. உருமாற்றப் படத்தைப் பல மடங்கு பெரிதாக்கி, எலிமென்டுகளின் விளிம்புகளை வரைந்து பாருங்கள். ஒன்று விட்டு ஒன்று மாறி மாறி மடிந்திருந்தால் ஹவர்கிளாஸ் உறுதி. மற்றது ஆற்றல் கணக்கு: செயற்கைத் திரிபாற்றல், மொத்த உள்ளாற்றலில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த விடையை ஒதுக்கிவிடுவது பலரின் வழக்கம். புள்ளிச் சுமையும் புள்ளித் தாங்கியும் இந்த மடிப்பைத் தூண்டும்; அவற்றைச் சிறு பரப்பில் பரப்பினாலே சில மாதிரிகள் சரியாகிவிடும். இருபது நோடு ஹெக்ஸில் குறைத்த இன்டகிரேஷனைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அதில் இந்த மடிப்பு அண்டை எலிமென்டுக்குப் பெரும்பாலும் பரவாது.

அறிகுறி: இறக்கம் சரி, தகைவை மட்டும் நம்ப முடியவில்லை

இதில் இரண்டு எதிரெதிர் நிலைகள் உள்ளன. ஒன்று, தகைவு குறைவாக வருவது. மேலே சொன்ன நான்கு அடுக்குப் பட்டையில் மேற்பரப்புத் தகைவைக் கேட்டால், பிடிப்பருகே 24க்குப் பதிலாகச் சுமார் 19 மெகாபாஸ்கல் என்று வரும். எலிமென்ட் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே இடமான அடுக்கின் மையத்துத் தகைவைச் சொல்கிறது. மேல் அடுக்கின் மையம் மேற்பரப்பிலிருந்து 0.625 மிமீ உள்ளே இருக்கிறது. களைப்புக் கணக்குக்கு இந்தத் தகைவை எடுத்துச் சென்றால், உறுப்பின் ஆயுள் தாளில் பல மடங்கு நீளும். எளிய பரிகாரம் ஒன்று உண்டு: பரப்பின்மேல் மிக மெல்லிய, விறைப்பு சேர்க்காத மெம்பிரேன் எலிமென்டுகளை அதே நோடுகளில் ஒட்டி, தகைவை அவற்றிலிருந்து படியுங்கள். பரப்பில் ஒட்டப்படும் திரிபுமானியைப் போலவே அது வேலை செய்யும்.

நோடுகளில் சராசரியாக்கிய தகைவையும் சராசரியாக்காத தகைவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால், மென்மையாகத் தெரியும் வண்ணப்படம் இடைவெளிகளைப் பூசி மறைத்திருக்கிறது என்று பொருள்.

இதன் விலை எவ்வளவு இருக்கும் என்பதற்கு நார்வேயின் ஸ்லைப்னர் ஏ கடல்மேடை சாட்சி. 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டவாஞ்சர் அருகே கான்ட்ஸ்ஃபியோர்டில், 24 அறைகள் கொண்ட அதன் கான்கிரீட் அடித்தளத்தை நீரில் மெல்ல இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அறைகள் மூன்றாகக் கூடும் சந்திப்புச் சுவர் விரிசல்விட்டு, அடித்தளம் முழுவதும் மூழ்கியது. இழப்பு சுமார் 70 கோடி டாலர். நாஸ்ட்ரான் என்ற மென்பொருளில் செய்யப்பட்ட கணக்கில் அந்தச் சந்திப்புச் சுவர்களின் மெஷ் கரடுமுரடாகவும் கோணலாகவும் இருந்ததால், ஷியர் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. கம்பிகளின் முனைப்பிடிப்பும் போதவில்லை. விபத்துக்குப் பின் கவனமாகச் செய்த கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். 

எதிர்நிலை, மெஷை நெருக்க நெருக்கத் தகைவு ஏறிக்கொண்டே போவது. கூர்மையான 90 பாகை உள்மூலை இருக்கும் இடத்தில் எலிமென்டைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் தகைவு ஏறக்குறைய 37 விழுக்காடு ஏறினால், எலிமென்டைக் குறை சொல்லாதீர்கள். நெகிழ்மைக் கோட்பாட்டின்படி அந்த மூலையில் தகைவுக்கு எல்லையே கிடையாது. உங்கள் எலிமென்ட் அதை நேர்மையாகத் துரத்துகிறது. மூலைக்கு உண்மையான ஆரத்தை வரையுங்கள், அல்லது அந்த இடத்தின் தகைவைப் படிக்காமல் விடுங்கள். வேறு எலிமென்டைத் தேடி அலைவது வீண்.

அறிகுறி: ரப்பர் கல்லாகிவிடுகிறது

ரப்பர் தாங்கியை அழுத்தினால் கணக்கில் அசைய மறுக்கிறது. அழுத்தப் படத்தைச் சராசரியாக்காமல் வரைந்தால் சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாக ஏற்ற இறக்கம் தெரிகிறது. இது கனஅளவு லாக்கிங். பாய்சான் விகிதம் 0.3 ஆக இருக்கும்போது கனஅளவுக் குணகம் ஷியர் குணகத்தைப்போல 2.2 மடங்கு, 0.499 ஆனால் 500 மடங்கு, 0.4999 ஆனால் 5,000 மடங்கு. ஒவ்வொரு இன்டகிரேஷன் புள்ளியிலும் கனஅளவு மாறக் கூடாது என்ற கட்டளை விழுகிறது. முழு இன்டகிரேஷன் எலிமென்டில் அந்தக் கட்டளைகளின் எண்ணிக்கை, அவற்றை நிறைவேற்றத் தேவையான இயக்கச் சுதந்திரங்களை நெருங்கிவிடுகிறது. அசைய இடமின்றி எலிமென்ட் உறைந்துவிடுகிறது.

அழுத்தத்தைத் தனி மாறியாக எடுத்துக்கொள்ளும் கலப்பு எலிமென்ட்தான் தீர்வு: அபாகஸில் பெயரின் இறுதியில் எச் சேர்ந்தவை, ஆன்சிஸில் கலப்பு இடப்பெயர்ச்சி-அழுத்தத் தேர்வு. 0.4999க்குப் பதிலாக 0.48 என்று போட்டுத் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. தடுப்பில்லாமல் விரியக்கூடிய ஓ-வளையத்தில் அது பெரிய கேடு செய்யாமல் போகலாம். பாலத்தின் எஃகுத்தகடு இட்ட ரப்பர் தாங்கியில், ரப்பர் பக்கவாட்டில் போக வழியின்றி இறுகியிருப்பதால், நெடுக்கு விறைப்பே அடியோடு தவறாகிவிடும்.

ரப்பரே இல்லாத மாதிரியிலும் இதே அறிகுறி வரலாம். எஃகு பிளாஸ்டிக் நிலைக்குப் போனதும் அதன் உருமாற்றம் கனஅளவு மாறாமலே நடக்கிறது. தொடக்கத்தில் சரியாக இருந்து, இளகிய பின் உச்சச் சுமையைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும் சுமை-இறக்க வரைகோட்டைக் கண்டால், முழு இன்டகிரேஷன் இருபது நோடு ஹெக்ஸோ நான்கு நோடு டெட்டோ உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். குறைத்த இன்டகிரேஷனுக்கு மாறினால் வரைகோடு சமதளத்துக்கு வந்துவிடும்.

அறிகுறி: சட்டகத்தில் திருப்புத்திறன் பாதியாக வருகிறது, அல்லது கணக்கே ஓடவில்லை

கட்டட மென்பொருளில் பழகிய கை, ஒரு உத்திரத்துக்கு ஒரே எலிமென்ட் போதும் என்று பழகியிருக்கும். மூன்றாம் படி வடிவச் சார்பு (நோடுகளுக்கு இடையே எலிமென்ட் எப்படி வளையும் என்று சொல்வது) கொண்ட பீம் எலிமென்டில், நோடுகளில் சுமை இருக்கும் வரை அது சரிதான். ஆன்சிஸின் பீம்188 இயல்பு நிலையிலும் அபாகஸின் பி31 எப்போதும் நேர்கோட்டு வடிவச் சார்பு கொண்டவை. நீளம் முழுவதற்கும் ஒரே திருப்புத்திறன்தான் அவற்றுக்குத் தெரியும். நம் சோதனைப் பட்டையை ஒரே பீம்188 ஆகப் போட்டால் முனை இறக்கம் 0.12 மிமீ வரும். அதைவிட ஆபத்து, பிடிப்பருகே 1,000 நியூட்டன்-மிமீ இருக்க வேண்டிய திருப்புத்திறன் 500 என்று அச்சாகும். இரண்டாகப் பிரித்தால் இறக்கம் 0.15 ஆகிச் சரிபோலத் தோன்றும், திருப்புத்திறன் 750தான். இறக்கம் விரைவில் திருந்தி ஏமாற்றும், திருப்புத்திறன் மெதுவாகவே திருந்தும். பீம்188இல் மூன்றாம் படித் தேர்வை இயக்குங்கள், அல்லது உறுப்பு ஒன்றுக்குப் பத்து எலிமென்டாவது வையுங்கள்.

நேர் எதிரான தவறு டிரஸ்ஸில் (கம்பிகளை முக்கோணங்களாகக் கோத்த சட்டகத்தில்) நடக்கிறது. ஆன்சிஸின் லிங்க்180போன்ற, நெடுக்கு விசை மட்டும் தாங்கும் எலிமென்டை மெஷ் செய்யும்போது பழக்கத்தில் பத்தாகப் பிரித்துவிட்டால், இடையில் உள்ள நோடுகளைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. சங்கிலிக் கண்ணிகள்போலத் தொங்கும். பூஜ்ய பிவட் என்றோ மேட்ரிக்ஸ் ஒருமையானது என்றோ செய்தி வரும். எலிமென்ட் பிழைகளில் மென்பொருள் வாய்விட்டுச் சொல்லும் மிகச் சிலவற்றில் இது ஒன்று. அங்கங்கே தாங்கி வைத்துச் செய்தியை அடக்காதீர்கள். உறுப்புக்கு ஒரே எலிமென்ட் என்று திருத்துங்கள்.

அறிகுறி: ஷெல்லும் சாலிடும் சேரும் இடம் கீல்போலச் சுழல்கிறது

தகட்டை ஷெல்லாகவும் (தடிமனை எண்ணாக மட்டும் கொண்ட பரப்பு எலிமென்ட்) அடித்தளக் கட்டியைச் சாலிடாகவும் (ஹெக்ஸ், டெட் போன்ற முப்பரிமாண எலிமென்ட்) எடுத்து, நோடுகளை ஒன்றாக்கிவிட்டால் இணைந்துவிட்டது என்று தோன்றும். ஷெல் நோடுக்கு மூன்று நகர்வுகளும் மூன்று சுழற்சிகளும் உண்டு. சாலிட் நோடுக்கு மூன்று நகர்வுகள் மட்டுமே. சுழற்சியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் இணைப்பு முழுவதும் ஒரு கதவுக் கீலாகிறது. வளைவுத் திருப்புத்திறன் அதைக் கடப்பதில்லை. இணைப்புக் கோட்டில் வளைவுத் தகைவு பூஜ்யமாகத் தெரிந்தாலே போதும், நோய் தெரிந்துவிடும். மென்பொருளின் ஷெல்-சாலிட் இணைப்புக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்துங்கள்; அது இல்லையென்றால், ஷெல்லைச் சாலிடின் பரப்பில் ஓரிரு எலிமென்ட் அகலத்துக்கு நீட்டி ஒட்டுங்கள். தகட்டின்மேல் செங்குத்தாக நிற்கும் பீமின் முறுக்கமும் இதே வகைச் சிக்கல்தான்; தகட்டுக்குச் செங்குத்தான அச்சைச் சுற்றிய சுழற்சிக்குப் பெரும்பாலான ஷெல்களில் உள்ளது பெயரளவு விறைப்பு மட்டுமே.

விறைப்பூட்டிப் பட்டைகள் கொண்ட தகடு எதிர்பார்த்ததைவிட மிகவும் துவண்டால், பீமின் அச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 10 மிமீ தகட்டில் 300 மிமீ அகலப் பங்கு, அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் 100 × 10 மிமீ பட்டை: இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் நிலைமத் திருப்புத்திறன் (குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு) சுமார் 31.3 லட்சம் மிமீ⁴. பீமின் மையத்தைத் தகட்டின் நடுத்தளத்திலேயே வைத்துவிட்டால் 8.6 லட்சம் மட்டுமே. 55 மிமீ தள்ளிவைப்பை மறந்ததற்கு 3.6 மடங்கு தண்டனை.

அறிகுறி: வித்தியாசம் எப்போதும் ஒரே விகிதத்தில்

மெஷை எவ்வளவு நெருக்கினாலும் விடை கைக்கணக்கிலிருந்து ஏறக்குறைய 9 அல்லது 10 விழுக்காடு விலகியே நின்றால், இருபரிமாண எலிமென்டில் தளத் தகைவா (தடிமன் திசையில் தகைவு இல்லை), தளத் திரிபா (தடிமன் திசையில் திரிபு இல்லை) என்ற தேர்வைப் பாருங்கள். பாய்சான் விகிதம் 0.3 ஆனால் தளத் திரிபில் விறைப்பு 1/(1 − 0.09), அதாவது 1.099 மடங்கு. மெல்லிய தகட்டுக்குத் தளத் தகைவு. நீண்ட அணைக்கும் தாங்குசுவருக்கும் தளத் திரிபு. அகலமான தகடு ஒரு திசையில் மட்டும் வளையும்போது ஷெல் மாதிரி 9 விழுக்காடு குறைவாக இறங்கினால் மட்டும் எலிமென்டை விட்டுவிடுங்கள். அங்கே பீம் வாய்ப்பாட்டைத் தகட்டுக்குப் போட்ட கைக்கணக்கே குற்றவாளி.

அச்சுச் சமச்சீர் மாதிரியில் 6.28 மடங்கு வித்தியாசம் வந்தால், சுமையை முழு வட்டத்துக்குக் கேட்கிறதா, ஒரு ரேடியனுக்குக் கேட்கிறதா என்பதை மென்பொருளின் கையேட்டில் பாருங்கள்.

அறிகுறி: தொடுபரப்பில் அழுத்தம் புள்ளி புள்ளியாக

இரண்டாம் படி எலிமென்டை எங்கும் பரிந்துரைத்த பிறகு, அது கெடுக்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். பத்து நோடு டெட்டின் முகத்தில் சீரான அழுத்தம் கொடுத்தால், அதற்கு ஈடான நோடு விசைகள் மூலைகளில் பூஜ்யம், இடைநோடுகளில் மூன்றில் ஒரு பங்கு. இருபது நோடு ஹெக்ஸின் முகத்திலோ மூலைகளில் பன்னிரண்டில் ஒரு பங்கு எதிர்த்திசையில் வருகிறது. நோடு நோடாகத் தொடுதலைச் சோதிக்கும் பழைய முறை, மூலையில் இழுவிசையைக் கண்டதும் பரப்பு பிரிந்துவிட்டதென்று முடிவு செய்து, அடுத்த சுற்றில் மீண்டும் சேர்த்து, கணக்கை ஒருங்கவிடாமல் அலைக்கழிக்கும். பரப்புக்குப் பரப்பு தொடும் முறைக்கு மாறுங்கள். அபாகஸில் தொடுபகுதிக்கென்றே திருத்தப்பட்ட சி3டி10எம் வகையும் இருக்கிறது. இரண்டும் இயலாவிட்டால், தொடும் இடத்தில் மட்டும் நெருக்கமான எட்டு நோடு ஹெக்ஸ் போட்டு, வளையும் பகுதியை இரண்டாம் படியிலேயே விட்டுவிடலாம்; இரண்டும் கூடும் எல்லையில் இடைநோடுகள் அந்தரத்தில் நிற்காதபடி ஒட்டுக் கட்டுப்பாடு கொடுக்க மறக்க வேண்டாம்.